நான் நடித்துக் காட்டிய நடை

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் யாருடைய நடையையும் நான் விட்டுவைத்ததில்லை. தோட்ட மனேஜர் துரை ஜீப்பிலிருந்து இறங்கி, காற்சட்டையை இடுப்புக்கு மேலே ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, வயிறு முன்னே தான் பின்னே என்று வருவாரே, அதைச் செய்து காட்டுவேன். கோயில் பூசாரி பனி ஊறிய சிமெந்துத் தரையில் உள்ளங்காலை முழுதாக வைக்க மனமில்லாமல் தத்தித் தத்திப் போவார்; அதையும் செய்வேன். ஒருவரைப் பின்னாலிருந்து பத்தடி தூரம் பார்த்தால் போதும், என் கால் என்னைக் கேட்காமலே அவருடைய காலாகிவிடும். கடவுள் எனக்குக் கொடுத்த ஒரே திறமை அது. மற்றபடி சாதாரண தரப் பரீட்சை மூன்று முறை என்னைப் பார்த்துவிட்டு, மூன்று முறையும் வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டது.

இலங்கை மலையகத்தில், டிக்கோயாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் வரிசையாகக் கட்டிய லயத்து வீடு. ஹட்டன் டவுனில் சின்னதாக ஒரு போட்டோகொப்பிக் கடை. கொப்பி எடுப்பதைவிட அங்கே நான் செய்வது படிவம் நிரப்புகிற வேலைதான். எனக்குச் சந்தையிலும் பஸ்ஸிலும் பழகிய சிங்களம் கொஞ்சம் வரும். அதன் இலக்கணத்தை ஒரு சிங்கள வாத்தியார் கேட்டால் அழுதுவிடுவார். ஆனாலும் எங்கள் லயத்தில் அதுதான் அரச கரும மொழி. பொலிஸ், ஆஸ்பத்திரி, கிராம சேவகர், எங்கே போவதென்றாலும் ஆட்கள் என்னைக் கூட்டிக்கொண்டுதான் போவார்கள்.

மகள் கொழும்பில் துணிக்கடை வேலைக்குப் போனபிறகு வீட்டில் நானும் மனைவியும்தான். அவள் கொழுந்து பறிக்கிறவள். கை வேகம். அவளுடைய கூடை எடை பார்க்கும்போது மற்றப் பெண்கள் பெருமூச்சு விடுவார்கள். செங்குத்தான மலையில் ஆடு மாதிரி ஏறுவாள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், அவளுக்குக் காலும் கண்ணும்தான் பிழைப்பு. எனக்கு வாய்.

இரண்டு வருடத்துக்கு முந்திய தை மாதக் கடைசியில் ஒருநாள் வேலையிலிருந்து வந்தவள், வாசற்படியில் உட்கார்ந்து வலது காலைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னாங்க, இந்தக் காலு மரத்துப் போன மாதிரி இருக்குங்க. பஞ்சு மேல நடக்கிற மாதிரி."

"பஞ்சு மெத்தையில நடக்கக் குடுத்து வச்சிருக்கணும். எனக்கு வெறும் மண்ணுதான்."

"நக்கல் பண்ணாதீங்க. தலையக் குனிஞ்சா முதுகுல கரண்ட் அடிக்கிற மாதிரி ஒண்ணு ஓடுது."

"நம்ம லயத்துக்கே கரண்ட் ஒழுங்கா வர்றதில்ல. ஒன் முதுகுக்கு மட்டும் எப்பிடி வருது?"

அவள் சிரித்தாள். அதுதான் என் வாழ்க்கையின் பிரச்சினை. நான் என்ன சொன்னாலும் அவள் சிரித்துவிடுவாள்.

டிஸ்பென்சரியில் வலி மாத்திரையும் பூசுகிற தைலமும் கிடைத்தன. பக்கத்து வீட்டு அக்கா அட்டை கடித்திருக்கும் என்றார். பூசாரி ஒரு கயிறு மந்திரித்துக் கட்டினார். குளிருக்கு இதமாக இருக்கட்டும் என்று நான் வெந்நீர் வைத்து ஊற்றினேன். ஊற்றிய பிறகு கால் இன்னும் தளர்ந்துபோய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே வந்தாள். வெந்நீர் அந்த நோய்க்கு ஆகாது என்பதை இப்போது நன்றாகத் தெரிந்துவைத்திருக்கிறேன். அப்போது, "குளிச்சதுக்கே இந்தக் கூத்தா?" என்று கேட்டேன்.

மூன்று வாரம் அப்படி நடந்தாள். வலது பெருவிரல் தரையில் உரசும். அதைத் தூக்க முடியாமல் இடுப்பிலிருந்தே காலை ஒரு சுற்றுச் சுற்றி முன்னால் எறிவாள். இடது கை சும்மா இருக்காது. தேயிலைச் செடியோ, சுவரோ, யாருடைய தோளோ என்று எதையாவது தேடிக்கொண்டே போகும். அவ்வளவு நுட்பமாக எப்படித் தெரியும் என்று கேட்கிறீர்களா? அதுதான் சொன்னேனே, எனக்கு அது ஒன்றுதான் வரும்.

மாசி வந்தது. காமன் கூத்து. எங்கள் தோட்டத்தில் ரதி, மன்மதன் வேடக்காரர்கள் பகல் முழுக்க லயம் லயமாக, வாசல் வாசலாக ஆடிவருவார்கள். தப்பு அடிப்பவர்கள் பின்னால், கோமாளி முன்னால். கோமாளிக்கு எங்கள் தோட்டத்தில் ஓர் உரிமை உண்டு: எந்த வாசலில் நிற்கிறானோ அந்த வீட்டு ஆளை அந்த வாசலிலேயே நடித்துக் கிண்டல் செய்யலாம், யாரும் கோபிக்கக் கூடாது. கோபித்தால் அடுத்த வருடம் இரட்டிப்பாக வரும். பதினைந்து வருடமாக நான்தான் கோமாளி. அன்று எல்லா வீட்டிலும் செய்துவிட்டு எங்கள் வாசலுக்கு வந்தோம். யாரோ கத்தினார்கள்: "சொந்த வீட்ட மட்டும் விட்டுறாத கோமாளி!"

விடுவேனா. பக்கத்து வீட்டு அக்காவின் கொழுந்துக் கூடையை வாங்கி முதுகில் போட்டேன். காற்சட்டைக்கு மேலேயே ஒரு சேலையைச் சுற்றிக்கொண்டேன். எங்கள் வாசற்படியிலிருந்து தண்ணீர்க் குழாய் வரைக்கும் நடந்தேன். பெருவிரலை உரசி, காலைச் சுற்றி எறிந்து, இடது கையால் காற்றைத் தடவி. ஒரு ஆட்டம் ஆடினால் தப்புக்காரர்களுக்கே சிரிப்பு வந்து அடி பிசகினால்தான் கோமாளிக்கு வெற்றி. அன்று பிசகியது. பக்கத்து வீட்டு அக்கா போனில் பிடித்தார். என் மனைவி ஆரத்தித் தட்டோடு படியில் நின்று, தட்டு ஆட ஆடச் சிரித்தாள்.

அடுத்த வாரமே கால் தானாகச் சரியாகிவிட்டது. கோமாளி ஆடியதால்தான் தோஷம் கழிந்தது என்று நானே ஒரு கதை கட்டி, கடையில் வருகிறவர்களுக்கெல்லாம் சொன்னேன். மூன்று பேராவது நம்பினார்கள்.

போன வருடம் மழைக்காலத்தில் இடது கண். முதலில் வலித்தது; கண்ணை உருட்டினால் வலி. அப்புறம் மங்கியது. ஒருநாள் அடுப்படியில் நின்று மிளகாய்த்தூள் போத்தலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடி மூடிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தக் கண்ணால பார்த்தா செவப்பா இருக்கு. அதால பார்த்தா வெளுத்துப் போயிருக்குங்க."

"அந்தக் கண்ணால என்னப் பாரு. வெள்ளையா, அழகா தெரிவேன்."

சிரித்தாள். ஆனால் இந்தத் தடவை அவளே மறுநாள் பக்கத்து வீட்டு அக்காவைக் கூட்டிக்கொண்டு டவுன் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். என்னிடம் சொல்லவில்லை. பிறகு கேட்டதற்கு, "நீங்க வந்தா பஸ்ஸு பூரா சிரிக்க வச்சிட்டு வருவீங்க. எனக்குக் கண்ணு வலிக்குது" என்றாள்.

கண் டொக்டர் உடனே வார்டில் சேர்த்து, சில நாள் மருந்து ஏற்றினார். பார்வை பெரும்பாலும் திரும்பியது. நிறம் மட்டும் முழுதாகத் திரும்பவில்லை. இது கண்ணில் உள்ள குறை அல்ல, கண்ணிலிருந்து மூளைக்குப் போகிற நரம்பில் உள்ளது என்று சொல்லி, மலைக்குக் கீழே இருக்கிற பெரிய ஆஸ்பத்திரியின் நரம்பு டொக்டருக்கு ஒரு கடிதம் கொடுத்தார். அங்கே தலையையும் கழுத்தையும் படம் பிடிக்கத் தேதி கொடுத்தார்கள். அந்தத் தேதி வருவதற்குள் இரண்டு மாதம் ஓடிவிட்டது.

படம் பிடிக்கிற அறைக்குள் உலோகம் எதுவும் போகக் கூடாது. காந்தம் இழுக்குமாம். தோடு, மூக்குத்தி, கொண்டை ஊசி எல்லாம் கழற்றி என் கைக்குட்டையில் வைத்தாள். தாலியில் கை வந்ததும் நின்றாள்.

"இதுமா?"

தாதியம்மா தலையாட்டினார். அவள் என்னைப் பார்த்தாள். நான் சொன்னேன்: "குடு, பத்திரமா வச்சிருக்கேன். திரும்பி வந்து வேற மாப்பிள்ள பாக்குறதுன்னா இப்பவே சொல்லிரு."

தாதியம்மாவுக்குத் தமிழ் புரியும்போல. வாயைப் பொத்திக்கொண்டார். என் மனைவியும் சிரித்துக்கொண்டேதான் உள்ளே போனாள். கதவு மூடியதும் என் கையில் ஒரு கைக்குட்டை மூட்டை இருந்தது, அவ்வளவுதான். உள்ளேயிருந்து சத்தம் வந்தது. தடதடவென்று ஒன்று, நின்று, பிறகு வேறு வேகத்தில் இன்னொன்று. தேயிலை அரைக்கிற ஸ்டோரில் ரோலர் ஓடுவதுபோல இருந்தது எனக்கு. முக்கால் மணி நேரம். அவ்வளவு நேரம் நான் வாயை மூடிக்கொண்டு இருந்தது என் கல்யாணத்தன்றுகூட இல்லை.

வெளியே வந்தவள் காதைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்: "உள்ள தப்பு அடிக்கிறாங்க. விதம் விதமா அடிக்கிறாங்க. நீங்கதான் ஆட இல்லியேன்னு நெனச்சுக்கிட்டே படுத்திருந்தேன்."

நடைபாதை ஓரத்தில் நின்று தாலியை மறுபடி அவள் கழுத்தில் போட்டேன். கொக்கியை மூன்று தடவை தவறவிட்டேன். குளிர் என்று சொன்னேன். அங்கே குளிர் இல்லை. மலைக்குக் கீழே எல்லாருக்கும் வியர்த்துக்கொண்டிருந்தது.

படத்தோடு நரம்பு டொக்டரைப் பார்க்கப் போன நாளைத்தான் நான் சொல்ல வந்தேன். டொக்டர் அம்மா நடுத்தர வயது, சிங்களவர். தமிழ் பத்து வார்த்தை வரும். என் மனைவிக்குச் சிங்களம் ஏறக்குறைய அவ்வளவுதான் வரும் என்று நான் நினைத்திருந்தேன். ஆகவே நடுவில் நான். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்தேன்.

டொக்டர் அம்மா கம்பியூட்டரை எங்கள் பக்கம் திருப்பினார். என் மனைவியின் தலை, முட்டைக்கோவாவை நடுவில் வெட்டினால் தெரிகிற மாதிரி, அடுக்கடுக்காகத் தெரிந்தது. சாம்பல் நிறத்துக்குள் ஆங்காங்கே வெள்ளையாக, முட்டை வடிவில் சின்னச் சின்னப் புள்ளிகள். நான் எண்ணத் தொடங்கி ஏழோடு நிறுத்திக்கொண்டேன்.

அவர் பொறுமையாகச் சொன்னார். நரம்புக்கு மேலே கரண்ட் வயருக்கு இருக்கிற மாதிரி ஓர் உறை இருக்கிறது. நம் உடம்பின் காவற்காரர்களே ஆள் மாறி அந்த உறையைக் கடித்துவிடுகிறார்கள். கடித்த இடத்தில் ஆறிய வடுதான் இந்த வெள்ளை. பெயர் நீளமானது, சுருக்கமாக எம்.எஸ். என்பார்கள். புள்ளி எந்த இடத்தில், எத்தனை என்று பார்த்தால் இனிமேல் என்ன வரக்கூடும் என்று ஓரளவு சொல்லலாம்.

"ஜாதகம் மாதிரியா நோனா?" என்று கேட்டேன். சிங்களத்தில் அம்மா என்பதற்கு நோனா. எனக்கு வாய் சும்மா இராது.

"ஜாதகத்தைவிடக் கொஞ்சம் நல்லது. இதுக்கு மருந்து இருக்கு" என்றார் சிரிக்காமல்.

பிறகுதான் முக்கியமான இடத்துக்கு வந்தார். படம் எடுக்கும்போது கையில் ஊசி வழியாக ஒரு சாயம் ஏற்றினார்கள். புதுக் காயம் சாயத்தைக் குடித்து மினுங்கும். பழைய வடு மினுங்காது. ஒரே படத்தில் இரண்டும் இருந்தால், வெவ்வேறு காலத்தில் வந்தது என்று படமே சாட்சி சொல்லிவிடும். இவளுடைய படத்தில் எதுவும் மினுங்கவில்லை. கண்ணுக்கு மருந்து ஏற்றி இரண்டு மாதம் கழித்து எடுத்த படம் அல்லவா, ஆறியிருக்கும். ஆகவே இது ஒரே ஒரு தடவை வந்து போனதா, திரும்பத் திரும்ப வருகிறதா என்று படத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியவில்லை. ஒரு தடவைதான் என்றால் ஆறு மாதம் பொறுத்து இன்னொரு படம் எடுத்துப் பார்க்கலாம். ஏற்கெனவே ஒருமுறை வந்திருக்கிறது என்றால் பொறுக்கக் கூடாது, இப்போதே மருந்து தொடங்க வேண்டும். அடுத்தமுறை வந்தால் காலோ கண்ணோ முழுதாகத் திரும்பாமல் போகலாம். ஆனால் அது உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கிற மருந்து. சந்தேகத்தின் பேரில் கொடுக்கிறதில்லை.

சொல்லிவிட்டு இன்னொரு படத்தைத் திறந்தார். கழுத்துக்குள் ஓடுகிற தண்டு. அதிலும் ஒரு வெள்ளைப் புள்ளி. சின்னச் சுத்தியலால் என் மனைவியின் முழங்காலைத் தட்டினார். வலது கால் துள்ளியது. உள்ளங்காலைக் கீறினார்; பெருவிரல் மேலே எழும்பியது. என்னிடம் திரும்பிச் சிங்களத்தில் கேட்டார்:

"இதுக்கு முன்னே எப்போதாவது இவங்களுக்குக் கால் மரத்துப் போறது, இழுத்து நடக்கிறது, அப்படி ஏதாவது நாள்கணக்கில் இருந்திருக்கா? நல்லா யோசிச்சுக் கேட்டுச் சொல்லுங்க."

நான் யோசிக்கவில்லை. கேட்கவுமில்லை. என் வாய் சொன்னது: "இல்லை நோனா."

இதை எத்தனையோ முறை எனக்குள் விசாரித்திருக்கிறேன். ஒரு காரணம் பழக்கம். எங்கள் ஆட்கள் ஒரு மேசைக்கு முன்னால் போய் நின்றால் வாயில் முதலில் வருவது 'இல்லீங்க'தான். வீட்டுல வேற ஆள் இருக்கா? இல்லீங்க. முன்னாடி கேஸ் ஏதும் உண்டா? இல்லீங்க. 'ஆமாம்' என்று சொன்னால் அடுத்த கேள்வி வரும், அடுத்த கடிதம் கேட்பார்கள், நாளை வா என்பார்கள். என் கடைக்கு வருகிறவர்களுக்கு நானே சொல்லிக்கொடுக்கிற பாடம் அது: சந்தேகமா இருந்தா 'இல்லை'யில கோடு போடு. அந்தப் பாடத்தின் வாத்தியாரான நானே என் மனைவியின் தலைக்கும் அதே இடத்தில் கோடு போட்டேன்.

ஆனால் பழக்கத்தின் மேல் மட்டும் பழியைப் போட்டால் நான் இன்னும் கோமாளிதான். கேள்வி காதில் விழுந்த அந்த நொடியே என் கண்முன் வந்தது கூடையும் சேலையும் தண்ணீர்க் குழாயும். ஆமாம் என்றால், எப்போது, எப்படி, என்ன செய்தீர்கள் என்று கேட்பார். நாங்கள் செய்த வைத்தியத்தை எந்த மொழியில் சொல்வது?

டொக்டர் அம்மா கொஞ்சம் தயங்கினார். "அப்படின்னா சத்தமில்லாம வந்த புள்ளியா இருக்கலாம்" என்று சொல்லி, ஆறு மாதத்துக்குப் பிறகு ஒரு தேதி எழுதிக் கொடுத்தார்.

வெளியே வந்து ஆஸ்பத்திரிக் கன்டீனில் உட்கார்ந்தோம். அவளுக்கு பால் இல்லாத ஒரு பிளேன்டியும் வடையும். எனக்கு எதுவும் வாங்கவில்லை.

"என்னா சொன்னாங்க?"

"ஒனக்கு மூள இருக்காம். படத்துல தெளிவாத் தெரியுது. இனிமே ஒனக்கு மூள இல்லைன்னு நான் தோட்டத்துல சொல்ல முடியாது."

சிரிக்கவில்லை. வடையைப் பிய்த்து வைத்துக்கொண்டே இருந்தாள்.

"காலப் பத்தி என்னமோ கேட்டாங்களே."

"கால் நல்லாத் துள்ளுதுன்னாங்க."

"கக்குலன்னா காலுன்னு எனக்குத் தெரியும். வாரத்துல ஆறு நாளு சிங்கள அக்காமாரோட மலையில நிக்கிறவ நான். மின்ன கால் வலிச்சிச்சா, இழுத்துச்சான்னு கேட்டாங்க. நீங்க இல்லைன்னு சொன்னீங்க. எங்கிட்ட ஒரு வார்த்த கேக்க இல்ல."

மேசையில் உட்கார்ந்திருந்த ஈயை விரட்டிவிட்டுக் கேட்டேன்:

"ஏன் அங்கயே சொல்லல நீ?"

"நீங்க ஏதோ காரணமாத்தான் சொல்லுறீங்கன்னு நெனச்சேன். படிவம் எழுதுற ஆளு."

அந்தப் பதிலுக்குப் பதிலாக அவள் என்னை அறைந்திருக்கலாம்.

காரணத்தைச் சொன்னேன். ஆமாம் என்றால் மருந்து இன்றே என்பதையும், இல்லை என்றதால் ஆறு மாதம் என்பதையும் சொன்னேன். அந்த ஆறு மாதத்துக்குள் இன்னொன்று வந்தால் என்ன ஆகும் என்று டொக்டர் சொன்னதை முக்கால்வாசி சொன்னேன். மீதியை அவளே புரிந்துகொண்டாள். தன் போனை எடுத்து, எதையோ தேடி, என் முன்னால் வைத்தாள். கூடையும் சேலையுமாக நான். எங்கள் வாசல்.

"இத இன்னுமா வச்சிருக்க?"

"அக்கா அனுப்பினத வச்சிருக்கேன். அப்போ சிரிப்பா இருந்திச்சு. அப்பறம் கண்ணு இப்பிடி ஆனதுக்குப் பெறகு அடிக்கடி போட்டுப் பார்த்தேன். எங்காலு எப்பிடி இருந்திச்சுன்னு எனக்கே மறந்து போச்சுங்க. நீங்க செஞ்சதப் பார்த்தாத்தான் ஞாபகம் வருது. அச்சாப் பண்ணியிருக்கீங்க."

"ஏன் எங்கிட்டக் காட்டல?"

"காட்டினா அதுக்கும் ஒரு நக்கல் வரும்."

எழுந்தேன். அவளுடைய பிளேன்டி பாதி அப்படியே இருந்தது. "வா" என்றேன். மூன்று மாடிப் படி. அவள் எனக்கு முன்னாலேயே ஏறிவிட்டாள். எனக்குத்தான் மூச்சு வாங்கியது.

டொக்டர் அம்மா கோப்புகளை மூடிக்கொண்டிருந்தார். கதவில் நின்று, என் ஓட்டைச் சிங்களத்தில், "நோனா, நான் பொய் சொல்லிட்டேன்" என்றேன். அவர் நிமிர்ந்தார்.

"ஏன்?"

"பழக்கம், நோனா."

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கதிரையைக் காட்டினார். நான் உட்காராமல் போனை நீட்டினேன்.

அந்த அறைக்குள் எங்கள் தோட்டத்துத் தப்புச் சத்தம் கேட்டது. சனங்கள் சிரிக்கிற சத்தம். எல்லாவற்றுக்கும் மேலே படியில் நின்று சிரிக்கிற என் மனைவியின் சத்தம். டொக்டர் அம்மா ஒருமுறை முழுதாகப் பார்த்தார். மறுபடி போட்டுப் பார்த்தார். எட்டிப் பார்த்த தாதி ஒருவர் முதலில் புன்னகைத்தார், பிறகு எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

"இது யார்?"

"நான்தான்."

"அது தெரியுது. நடை யாருடையது?"

கையால் காட்டினேன். என் மனைவி ஏதோ குற்றம் செய்தவள்போலத் தலையைக் குனிந்தாள்.

போனில் தேதி இருந்தது. எத்தனை நாள் இப்படி நடந்தாள் என்று கேட்டார். இந்தமுறை நான் திரும்பி அவளிடம் தமிழில் கேட்டு, அவள் சொன்னதை அப்படியே சொன்னேன்: மூன்று வாரம், பஞ்சு, முதுகில் கரண்ட், வெந்நீர். கரண்டைச் சொன்னபோது டொக்டர் அம்மா தலையாட்டிக்கொண்டே எழுதினார். நான் நக்கலடித்த ஒவ்வொன்றும் அவருக்கு ஒரு அடையாளமாக இருந்தது.

பிறகு அவர் சொன்னார்: "சேலை பாதத்தை மறைக்குது. பாதம் எப்படி விழுந்ததுன்னு எனக்குத் தெரியணும். எங்கே, ஒருதடவை நடந்து காட்டுங்க."

பதினைந்து வருடக் கோமாளி. எத்தனையோ வாசல்களில் கூச்சமில்லாமல் ஆடியிருக்கிறேன். அன்று மேசைக்கும் கதவுக்கும் நடுவில் அந்த ஆறடி தூரத்தைப் பார்த்து நின்றேன். செருப்பைக் கழற்றினேன். நடந்தேன். பெருவிரல் உரச, கால் சுற்றி வர, இடது கை தேடத் தேட. அந்த நடைக்கு யாரும் சிரிக்காமல் இருந்தது அதுதான் முதல் தடவை. அப்படி நடந்தால் எவ்வளவு கஷ்டம் என்று என் இடுப்புக்குத் தெரிந்ததும் அதுதான் முதல் தடவை. அவள் மூன்று வாரம் அப்படியே மலை ஏறிக் கொழுந்து எடுத்திருக்கிறாள்.

"அப்பிடி இல்லைங்க" என்றாள் என் மனைவி. "வெரலு இன்னும் தொங்கும். நீங்க தூக்கிட்டீங்க."

திருத்தி நடந்தேன்.

"இப்ப சரி" என்றாள்.

டொக்டர் அம்மா கழுத்துத் தண்டின் படத்தில் அந்தப் புள்ளியைப் பேனா முனையால் தொட்டார். கால், இது. கண், அது வேறு. இடம் வேறு, காலம் வேறு. ஆறு மாதத்துத் தேதியை வெட்டிவிட்டு, அந்த வாரத்திலேயே செய்யவேண்டிய இரத்தப் பரிசோதனைகளை எழுதினார். அவை சரியாக இருந்தால் மருந்து தொடங்கலாம் என்றார். கதவருகே போனவன் திரும்பி, கேட்கக் கூடாது என்று தெரிந்தும் கேட்டேன்: அன்றைக்கே, கால் இழுத்தபோதே கூட்டி வந்திருந்தால் இந்தக் கண்?

அவர் அதற்கு மட்டும் தமிழில் பதில் சொன்னார். தன் பத்து வார்த்தையில் மூன்று.

"அது சொல்லத் தெரியாது."

தப்பியிருக்கும் என்றிருந்தால் அழுது தீர்த்திருப்பேன். பிரயோசனமில்லை என்றிருந்தால் ஆறியிருப்பேன். இது இரண்டும் இல்லாமல் அப்படியே இருக்கிறது.

மருந்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை கையில் ஏற்றுகிறார்கள். இவ்வருடத் தொடக்கத்தில் மறுபடியும் படம் எடுத்தபோது புதுப் புள்ளி ஒன்றும் இல்லை. பழையவை போகாது. அவள் இப்போது மேட்டு மலைக்குப் போவதில்லை, ரோட்டோரத்து மலையில்தான் பறிக்கிறாள். டொக்டர் அம்மா எனக்கும் ஒரு வேலை கொடுத்திருக்கிறார்: அவளுடைய நடையைக் கவனிப்பது, மாறினால் அன்றே கூட்டி வருவது. தினமும் காலையில் அவளுக்குப் பின்னால் நடந்து வலது குதிகாலைப் பார்த்துக்கொண்டே போகிறேன்.

"பின்னாலயே வராதீங்க. பொலிஸ்காரன் மாதிரி இருக்கு" என்கிறாள். இன்னொரு நாள், "வீட்டுல இருந்தா டிஸ்பென்சரியில இருக்கிற மாதிரியே இருக்கு. என்னமாச்சும் நக்கலாப் பேசித் தொலைங்களேன்" என்றாள். மிளகாய்த்தூள் போத்தலைத் தூக்கி, "இது என்னா கலர்?" என்று கேட்டால், முன்பானால் பச்சை என்றிருப்பேன். இப்போது "செவப்பு" என்கிறேன்.

இந்த மாசியில் நான் கோமாளி கட்ட முடியாது என்று கூத்துக்காரர்களிடம் சொல்லிவிட்டேன். அவள் போய், கட்டுவார் என்று சொல்லிவிட்டு வந்தாள். எனக்காக வேறொருவர் பதில் சொல்வது எப்படி இருக்கும் என்று தெரியட்டும் என்றாள்.

கட்டினேன். பாதி வாசல் முடிந்து எங்கள் வாசலுக்கு வந்தோம். இந்தத் தடவை யாரும் கத்தவில்லை. எல்லாருக்கும் விஷயம் தெரியும். தப்பும் மெதுவாகிவிட்டது. பக்கத்து வீட்டு அக்கா போனை எடுக்கவில்லை. அவள் படியில் தட்டோடு நின்றாள். நான் ஒரு பழைய கோப்பைக் கக்கத்தில் இடுக்கி, நெஞ்சை நிமிர்த்தி, என் கடையில் உட்காருகிற மாதிரி கற்பனைக் கதிரை ஒன்றில் உட்கார்ந்தேன். வருகிறவனிடமெல்லாம் 'இல்லீங்க' என்று கோடு போடுகிற ஒரு மடையனைச் செய்தேன். மன்மதன் வந்து பேர் கேட்டான், இல்லீங்க. ரதி வந்து புருஷன் இருக்கானா என்று கேட்டாள், இல்லீங்க. சனங்கள் சிரிக்கத் தொடங்கினார்கள். தப்பு சூடு பிடித்தது.

அப்போது படியிலிருந்து, டொக்டர் அம்மாவின் குரலை அப்படியே எடுத்து, அவள் கேட்டாள். நடிப்பு அவளுக்கும் வரும் என்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

"ஒங்க பொண்டாட்டிக்கு மின்ன எப்பவாச்சும் காலு இழுத்துச்சா?"

எல்லாரும் அந்த ஒரு வார்த்தைக்காக வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தார்கள். தப்புக்காரர் கையைத் தூக்கி வைத்திருந்தார். என் வாயில் அது வரவில்லை.

"ஆமா நோனா" என்றேன். "மூணு வாரம். நான் பார்த்தேன்."

ஒருவரும் சிரிக்கவில்லை. அவள் கீழே இறங்கி வந்து, சாயம் பூசிய என் நெற்றியில் குங்குமத்தை வைத்தாள்.

"சரி, போங்க. அடுத்த வீட்டுல காத்துக்கிட்டு இருக்காங்க" என்றாள்.